ராசாவுக்காக நான் வேண்டிக்கொண்டது

எங்கள் எஸ்டேட்டில் மஸ்டர் எடுத்தவர் ஒரு ராசா. மஸ்டர் என்றால் காலையில் காப்பி காயவைக்கிற களத்தில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யார் எந்தப் பக்கம் பழம் பறிக்கப் போவது என்று பிரித்து அனுப்புகிற வேலை. ராசா என்றது பட்டப்பெயர் இல்லை. ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ராஜ்யத்துக்கு உரிமைப்பட்ட, பட்டம் கட்டாத, நிஜ ராசா. ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பது வருடமாக ரைட்டராக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தார். நான் அதே எஸ்டேட்டின் டிஸ்பென்சரி நர்ஸ். நம்பாதவர்களுக்கு நான் என்ன செய்ய? நானே முதல் ஐந்து வருடம் நம்பவில்லை.

ஒன்பது வயதில் அவரை ஏற்காட்டு போர்டிங் ஸ்கூலில் கொண்டுவந்து விட்டுப் போனாராம் அவருடைய அப்பா. அந்த அப்பாதான் அங்கே ராசா. மகன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது பட்டாளத்துக்காரர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இனி ராசாவும் கிடையாது, ராஜ்யமும் கிடையாது என்று சட்டம் போட்டார்கள். அப்பா பக்கத்து நாட்டுக்கு ஓடிப்போய் அங்கேயே செத்தார். 'வராதே, வந்தால் உயிர் இருக்காது' என்று மகனுக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. கூடப் படித்தவனுடைய அப்பாவுக்கு இந்த எஸ்டேட் சொந்தம். படிப்பு முடிந்து திக்கில்லாமல் நின்ற பிள்ளைக்கு முதலில் இருக்க இடம் கொடுத்தார், பிறகு வேலை கொடுத்தார். இவர் அப்படியே இங்கே இருந்துவிட்டார். கல்யாணமும் கட்டவில்லை. அவர் குலத்து வழக்கப்படி இன்ன வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டுமாம். அந்த வீட்டுக்கு இங்கிருந்து எந்த பஸ் போகிறது?

அவர் பேசுகிற தமிழைக் கேட்க வேண்டும். அசல் சேலத்துத் தமிழ். வழி தவறி வருகிற டூரிஸ்ட்காரர்கள் காரை நிறுத்தி இங்கிலீஷில் தட்டுத் தடுமாறுவார்கள். "ஏனுங்க, நேரா போயி எடது கைப்பக்கம் திரும்புங்க, நொம்ப தூரமில்லீங்க" என்பார். வாயைப் பிளந்துகொண்டு போவார்கள்.

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டுப் பெண்கள் அவரை விடமாட்டார்கள். "ராசா, எம்பட ஊட்டுக்காரன் இன்னைக்கு வேலைக்கு வரலீங்க, தலைய வெட்டிப்புடாதீங்க" என்று ஒருத்தி சொல்வாள். "இந்த ஒருக்கா மன்னிச்சுட்டமுங்க" என்று நோட்டிலிருந்து தலை தூக்காமல் பதில் சொல்வார் இவர். களமே சிரிக்கும்.

எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு பல்லால். கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்தார். பிடுங்கிவிட வேண்டியதுதான், சேலத்துக்குச் சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன். மாட்டேன் என்றார். வாரக்கணக்கில் அழுது துடித்தார், ஆனாலும் மாட்டேன். "என்ன மனுசனுங்க நீங்க, சின்னப் புள்ளையாட்டம்!" என்று திட்டினேன். அப்போதுதான் சொன்னார். அவர் ஊரில் பட்டம் கட்டுவதற்கு முன்னால், விடியும் நேரத்தில் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுவார்களாம். குலத்துப் பெரியவர்கள் சுற்றி நின்று உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்ப்பார்களாம். ஒரு பல் குறைந்தாலும், ஒரு விரல் குறைந்தாலும், அவர் ராசா இல்லை. நாட்டின் உடம்பும் ராசாவின் உடம்பும் ஒன்று என்று கணக்கு.

எனக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மூக்கு உடைந்த சிலைக்கு நாம் பூசை செய்வோமா? பின்னப்பட்டதை ஆற்றில்தானே விடுவோம். ஐம்பது வயதுக்கு மேலும் ஒருவர் இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கூப்பிடாத பட்டத்துக்காக ஒரு சொத்தைப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாரே! வேர் வைத்தியம் செய்து பல்லை நிறுத்திக்கொடுக்கிற டாக்டரைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். அன்றிலிருந்து அந்த உடம்புக்கு நான் காவல்.

நல்ல காவல்தான் காத்தேன். சொல்கிறேன் கேளுங்கள்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. சர்க்கரை நோய் வருடக்கணக்கில் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, தீ சுட்டாலும் தெரியாது. தெரியாமலே புண்ணாகி, புண் அழுகி, விரலை எடுக்க வேண்டிவரும். இது எனக்குத் தெரியாதா? இந்த வாயால் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அவருக்கு வீட்டுக்குள்ளேயும் செருப்பு போட வேண்டும் என்று உத்தரவு. சனிக்கிழமை சனிக்கிழமை டிஸ்பென்சரிக்கு வந்து இரண்டு காலையும் காட்ட வேண்டும். விரல் இடுக்கு இடுக்காகப் பார்த்து அனுப்புவேன். "ராசா காலப் புடிக்கற உத்தியோகமுங்க உங்களுக்கு" என்று கிண்டல் செய்வார். "நீங்க மொதல்ல ராசா ஆவுங்க, அப்பறம் சம்பளம் கேக்கறேன்" என்பேன்.

அது ஒருநாள் நிஜமாகவே நடக்கிற மாதிரி வந்தது. அங்கே ஆட்சி மாறியது. பழைய ராஜ்யங்கள் மறுபடியும் ராசாவை வைத்துக்கொள்ளலாம், ஆளுகிற அதிகாரம் கிடையாது, திருவிழா நடத்தலாம், நிலத் தகராறு தீர்க்கலாம் என்று பேச்சு அடிபட்டது. குலத்துப் பெரியவர்கள் எப்படியோ இவர் நம்பரைக் கண்டுபிடித்து வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டார்கள். திரையில் நாலு கிழவர்கள். இவர் முகத்தைப் பார்த்ததும் நாலு பேரும் போனுக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார்களாம். அதைச் சொல்ல நேராக என்னிடம்தான் வந்தார். "என்ற அப்பா பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க சிஸ்டர், நாப்பது வருசமாச்சுங்க" என்றார். நர்ஸ் என்பதால் எல்லோரையும் போல அவரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

ஆனால் அந்த நாட்டு அரசாங்கத்தின் உத்தரவு வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடம் இழுத்தது. மனுசர் பாதியாகிப்போனார். மஸ்டரில் பெயர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் நின்றுவிடுவார், போனையே பார்ப்பார். சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை ஏறியும் இறங்கியும் கண்ணாமூச்சி ஆடியது. லைனில் இருந்த ஒரு மூத்த அக்கா, மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்குத் துணையாக உட்காருகிறவள், "நீங்க சேர்வராயன வேண்டிக்கங்க சிஸ்டர், மலை சாமி கைவிடாது" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை உச்சிக்குப் போனேன். குகைக்குள் குனிந்து உள்ளே போய், ஈரப் பாறையில் கை வைத்து வேண்டினேன். அவருக்கு உத்தரவு வந்துவிட்டால், அடுத்த திருவிழாவுக்கு அவரையே கூட்டிவருகிறேன், செருப்பில்லாமல் நடந்து வந்து உன்னைக் கும்பிடுவார் சாமி என்று சொல்லிவிட்டேன்.

செருப்பில்லாமல்! வேறு எதுவுமே எனக்குத் தோன்றவில்லையா? பொங்கல் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், என் தலைமுடியைத் தந்திருக்கலாம். இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் மலை ஏறுகிற வேண்டுதல் என்றால் வெறுங்கால்தான். நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சனிக்கிழமை தவறாமல் கால் பார்த்த நர்ஸ் அந்த நிமிடம் எங்கே மேயப் போயிருந்தாளோ தெரியவில்லை.

உத்தரவு வந்தது. பாஸ்போர்ட்டும் வந்தது. ஆற்றுக் குளியலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு ஆறு வாரம் முன்னால் சேர்வராயன் திருவிழா.

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சாமி குத்தம் வந்தால் என் தலையில் வரட்டும் என்று நினைத்தேன். அந்த அக்காதான் களத்தில் வைத்துப் போட்டு உடைத்தாள். "சிஸ்டர் உங்களுக்காக நேந்துக்கிட்டாங்க ராசா, தீத்துட்டுப் போவோணும். தீக்காம போனா குடுத்த சாமியே திரும்ப வாங்கிக்கும்" என்றாள். மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் குறுக்கே விழுந்தேன். "அவரு காலுக்கு ஆகாது, நான் நடக்கறேன் அவருக்குப் பதுலா." அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு காலச் சொன்னீங்கன்னு சாமிக்குத் தெரியாதுங்களா?"

அவர் நோட்டை மூடினார். எல்லோருக்கும் முன்னால், "எனக்காக இதுவரைக்கும் ஒருத்தரும் எந்தச் சாமிகிட்டயும் போயி நின்னதில்லீங்க. நான் நடக்கோணுமுங்க" என்றார். நான் பேரம் பேசினேன். கடைசி ஏற்றம் மட்டும் வெறுங்கால், மேலே கும்பிட்டு முடித்ததும் உடனே செருப்பு. சரி என்றார். செருப்பை ஒரு மஞ்சப்பையில் போட்டு என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

காலையில் ஏறும்போது ஒரு குறையும் இல்லை. பனி இருந்தது, தரை குளுகுளு என்றிருந்தது. வழியெல்லாம் பார்த்துப் பார்த்துக் கூட்டிப் போனேன். அவர் உயரத்துக்குக் குகை வாசலில் மடங்கித்தான் போக வேண்டியிருந்தது. உள்ளே போனவர் நெடுநேரம் கும்பிட்டார். என்ன சொல்லிக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது கூட்டம் நெருக்கியது. சாமி ஊர்வலம் வருகிறது என்று கயிறு கட்டி ஆட்களைப் பிரித்தார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். போன் போட்டால் சிக்னல் இல்லை. வெயில் ஏறியது. மே மாத உச்சி வெயில் மலையில் சுடாது என்று சொல்கிறவன் தார் ரோட்டில் கால் வைத்துப் பார்க்கட்டும். ஒன்றரை மணி நேரம் தேடினேன். கடைசியில் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் அவரைப் பார்த்தேன். எஸ்டேட் ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி நிற்க, உருகுகிற தாரில் வெறுங்காலோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். அவர் ஒருத்தர்தான் ஆடாமல் நின்றார். செருப்பு என் தோளில் தொங்கியது.

சாயங்காலம் டிஸ்பென்சரியில் உட்காரவைத்துக் காலைக் கழுவினேன். வலது பெருவிரலுக்குக் கீழே தோல் வெந்து கழன்றிருந்தது. அதற்குள் ஒரு கண்ணாடிச் சில்லு. "வலிக்கலீங்களே" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் விளங்கியது.

அன்றைக்கே சேலத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அடித்துத் துரத்தியிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டோணும்பாங்க. நீங்களே பாருங்க சிஸ்டர். ஒரு வாரம் பாருங்க." நான் சரி என்றேன். அவருக்காக மட்டும் சரி என்றேன் என்று சொன்னால் அது பொய். என் வேண்டுதலால் ராசாவின் கால் போச்சு என்று ஊர் பேசுமே என்ற பயமும் இருந்தது. காலை ஒரு கட்டு, மாலை ஒரு கட்டு. எனக்குத் தெரிந்த மருந்தெல்லாம் போட்டேன். ஐந்தாம் நாள் ஆறுவது போலத் தெரிந்தது, அதை நம்பினேன். ஒன்பதாம் நாள் கட்டைப் பிரிக்கும்போதே வாடை வந்தது. விரல் கறுத்திருந்தது.

எஸ்டேட் ஜீப்பில் படுக்கவைத்துக் கூட்டிப்போனேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவர் தலை என் மடியில் உருண்டது. அனலாகக் கொதித்தது. வளைவுக்கு வளைவு ஒரே பேச்சுதான். "வெட்ட உடாதீங்க. ஒரு நாள் அந்த எடத்துல உக்காந்துட்டு செத்துப் போறனுங்க. ஒரே ஒரு நாளுங்க."

டாக்டர் சின்னப் பிள்ளைதான், ஆனால் தெளிவாகப் பேசினார். விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது விரலோடு போகும், நாளைக்குப் பாதம், அதற்கு மறுநாள் ஆளே இல்லை என்றார். யாராவது சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கண்ணை மூடிக் கிடந்தார், கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

வேண்டிக்கொண்டதும் நான், புண்ணை மறைத்ததும் நான், வெட்டச் சொன்னதும் நான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். அந்தக் கதையில் தாழி தானாக உடையும். இங்கே நான் உடைத்தேன்.

மயக்கம் தெளிந்ததும் அவர் காலைப் பார்த்தார். நான் கால்மாட்டில் நின்றேன். அடிப்பார், கத்துவார் என்று காத்திருந்தேன். போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் தன் ஊருக்கு வீடியோ கால் போட்டார். அவர் பாஷையில் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, போனைக் காலுக்கு நேராகப் பிடித்தார். திரையில் இருந்த கிழவர்களில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குறித்த நாளை மாற்றவில்லை. சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான், அந்த ஊரிலேயே கார் வாங்கி விற்கிறவன். பல்லும் விரலும் சரியாக இருந்தன.

ராஜ்யம் திரும்பி வந்தது. அவனுக்குப் பட்டம் கட்டுவதை போனில் காட்டினார்கள். லைன் ஆட்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது, இதென்ன வேடிக்கையா என்று விரட்டப் போனேன். அவரே வேண்டாம் என்று கை காட்டினார். களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனை ஒரு சாக்கு மூட்டைமேல் சாய்த்துவைத்து, நடப்பதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். இது ஆத்துல எறக்கறதுங்க. இவங்க தாய்மாமன் வழிங்க. இந்தச் சிறுத்தத் தோலு என்ற பாட்டன் போட்டிருந்ததுங்க. குரல் எங்கேயும் உடையவில்லை. தினமும் பெயர் கூப்பிடுகிற அதே குரல். பெண்கள்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். "அந்த ஆளு உங்களாட்டம் இல்லீங்க ராசா" என்றாள் அந்த அக்கா. "இனிமே ராசான்னு கூப்புடாதீங்க" என்றார் அவர்.

மறுநாள் காலை வழக்கம்போல டிஸ்பென்சரிக்கு வந்தார், கம்பு ஊன்றிக்கொண்டு. ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பஞ்சும் மருந்தும் எடுத்துவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். இத்தனை நாளும் அடக்கியது அன்றைக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட கதையைச் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை டாக்டரிடம் மறைத்தேன் என்றேன். எனக்கு நீங்கள் உயிரோடு வேண்டியிருந்தது என்றும் சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்க சிஸ்டர்" என்றார். பிறகு எப்போதும் பேசுகிற அதே மரியாதையோடு, கோபம் துளியும் இல்லாமல் சொன்னார். "வேண்டிக்கிட்டதுக்கு உங்களுக்கு நான் கடமைப்பட்டவனுங்க. வேற ஒருத்தரும் செய்யல. புண்ண மறைச்சதும் நான் கேட்டுத்தானுங்க. ஆனா அந்தக் கையெழுத்துக்கு உங்கள மன்னிக்க மாட்டனுங்க. சாகற வரைக்கும் மாட்டனுங்க."

"சரீங்க" என்றேன்.

அவர் வலது காலை நீட்டினார். நான் பழைய கட்டைப் பிரித்தேன்.